ஸ்டீபிள்சேஸ் வேறு, தடை ஓட்டம் வேறு

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவினாஷ் சாப்லே 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில், அதாவது கனத்த தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் போட்டியில், தங்கம் வாங்கினார். அதே போட்டியில் நம் கோவை வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம் வாங்கினார். இரண்டையும் ஒரே செய்தியறிக்கையில் "தடை தாண்டும் ஓட்டம்" என்றே வாசித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், "ரெண்டு பேரும் ஒரே போட்டிதானா மாமா, தூரம் மட்டும்தான் வேறயா?" என்று கேட்டான். பையன் மேல் தப்பே இல்லை. பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்றுதானே யாரும் நினைப்பார்கள். இந்த ஒரு சொல்லாட்சியை எத்தனையோ வருடமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

முதலில் சொல்லின் கதை. ஸ்டீபிள் என்றால் தேவாலயத்தின் கூரிய கோபுரம், சேஸ் என்றால் துரத்தல். 1752-இல் அயர்லாந்தின் கார்க் பகுதியில் இரண்டு பேர் பந்தயம் கட்டி, பட்டிவன்ட் தேவாலயத்திலிருந்து டோனரெயில் தேவாலயம் வரை குதிரையை விட்டார்கள் என்பார்கள். தூரத்தில் தெரியும் கோபுரம்தான் குறி, நடுவில் வேலி, கல்சுவர், ஓடை எது வந்தாலும் தாண்டிப் போக வேண்டும். பின்னால் 19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் அதையே காலால் ஓட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான்.

தடை ஓட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் ஹர்டில் என்ற சொல்லுக்கு வேறு பிறப்பு. ஆட்டுப்பட்டிக்கு மறைப்பாக வைக்கிறோமே படல், மிளாறு பின்னிய தட்டி, அதுதான் ஹர்டில். தூக்கி வைக்கலாம், எடுக்கலாம், இடித்தால் சாயும். இன்றைக்கும் ஹர்டிலின் குணம் அதுதான்: வேகத்தில் கால் பட்டால் கவிழ்ந்துவிடும், ஓடுபவர் போய்க்கொண்டே இருப்பார்.

ஸ்டீபிள்சேஸ் தடையை இடித்துப் பாருங்கள், கவிழப்போவது நீங்கள்தான். அது ஒரு கனத்த மரச்சட்டம், மேல்கட்டை 12.7 செ.மீ. கனம். அதன்மேல் கால் வைத்து ஏறிக் குதிக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆண்களின் 400 மீட்டர் தடை ஓட்டத்திலும் இதிலும் உயரம் ஒன்றேதான், 91.4 செ.மீ. அதனால்தான் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கும் குழப்பம் வருகிறது. ஆனால் அங்கே பத்துத் தடை, ஆளுக்கொரு தனித்தடம். இங்கே 28 தடை, கூடவே ஏழு முறை தண்ணீர்க் குழி, எல்லோரும் ஒரே கூட்டமாக முட்டிமோதிக்கொண்டு ஓடுவது. ஒன்று வேகத்துக்கான பந்தயம், மற்றது தம் கட்டி ஓடும் நெடுந்தூரப் பந்தயம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது கபடியையும் மல்யுத்தத்தையும் "பிடி விளையாட்டு" என்று சொல்வது மாதிரி.

"மூலமே தடையைத் தாண்டுவதுதானே, அதைவிடத் தெளிவான தமிழ் வேறென்ன" என்று ஒரு நண்பர் வாதாடினார். உயரம் தாண்டுதலிலும் தாண்டுகிறோம், கோலூன்றியும் தாண்டுகிறோம், எல்லாவற்றையும் "தாண்டுதல்" என்று விட்டுவிடுவோமா? ஒரு பெயர் பக்கத்தில் இருப்பதிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்ட வேண்டும். இன்னொருவர் "கோபுரத் துரத்தல்" என்று எழுதியிருந்தார். சொல்லுக்குச் சொல் தமிழ்தான், ஆனால் கேட்பவனுக்கு ஒரு பொருளும் தராத தமிழ். ஓடுகளத்தில் கோபுரமும் இல்லை, துரத்தலும் இல்லை. அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர்கள் ஒரு தடவை போட்டியைப் பார்த்துவிட்டு எழுதலாம்.

பார்த்திருந்தால் தண்ணீர் கண்ணில் பட்டிருக்கும். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் பின்லாந்தின் பாவோ நுர்மி, ஒலிம்பிக்கில் ஒன்பது தங்கம் வாங்கிய மனிதர், அந்தத் தண்ணீர்க் குழியில்தான் விழுந்தார். பிரான்ஸின் லூசியன் டுகேன் நின்று தூக்கிவிட, மிச்ச தூரம் முழுக்க நுர்மி அவருக்குத் துணையாக ஓடினார். இறுதிப் போட்டியில் தங்கம் நுர்மியின் நாட்டுக்காரர் டோய்வோ லோக்கோலாவுக்கு, நுர்மிக்கு வெள்ளி.

அதனால் என் பரிந்துரை "நீர்த்தடை ஓட்டம்". 35 தாண்டல்களில் ஏழுதானே தண்ணீர் என்று கேட்கலாம். சரி, ஆனால் தடகளத்தில் வேறு எந்த ஓட்டத்திலும் தண்ணீர் கிடையாது.

பெயரில் தூரத்தையும் சேர்த்து "மூவாயிரத் தடை" என்று வைக்கலாமே என்பவர்களுக்கு: அந்தத் தூரமே நிலையாக இருந்ததில்லை. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் 2500, 4000 மீட்டர் என்று இரண்டு போட்டி, 1904 செயின்ட் லூயிஸில் 2590, 1908 லண்டனில் 3200. 1912-இல் போட்டியே இல்லை. 1920 ஆன்ட்வெர்ப்பில்தான் 3000 ஆனது. அப்புறமும் 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் சுற்று எண்ணுவதில் தவறு நடந்து ஒரு சுற்று கூடுதலாக ஓடவிட்டார்கள், மொத்தம் 3460 மீட்டர். வோல்மாரி இசோ-ஹோல்லோவுக்கு எப்படியும் தங்கம்தான். அமெரிக்காவின் ஜோ மெக்ளஸ்கிதான் பாவம், 3000 மீட்டரில் இரண்டாவதாக இருந்தவர் அந்தக் கூடுதல் சுற்றில் பிரிட்டனின் தாமஸ் எவன்சனிடம் வெள்ளியைப் பறிகொடுத்தார்.

நீர்த்தடை ஓட்டம் பிடிக்கவில்லை என்றால் ஸ்டீபிள்சேஸ் என்றே எழுதுங்கள், சண்டையில்லை. தடை ஓட்டம் என்ற பெயரை வித்யாவின் போட்டிக்கு விட்டுவிடுங்கள்.