வளைவுப் படியா, வளைவு நீளமா?

கணினியில் தகட்டு உறுப்புகளை வடிவமைக்கச் சொல்லித்தரும் பாடக் குறிப்பு ஒன்றில் மறுபடியும் 'வளைவுப் படி'யைப் பார்த்தேன். அடுத்த வரியிலேயே 'வளைவுப் பிடித்தம்'. படியும் பிடித்தமும் சேர்ந்தால் அது சம்பளச் சீட்டு, தகட்டு வேலை அல்ல.

பெண்ட் அலவன்ஸுக்கும் பெண்ட் டிடக்‌ஷனுக்கும் வந்த கதி இது. அலவன்ஸ், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஒதுக்கித் தருவது என்பது கருத்து. பெயர்த்தவருக்குப் பஞ்சப்படியும் பயணப்படியும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தகட்டுக்கு யார் படியளக்கிறார்கள்?

தகட்டை மடித்தால் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நெருக்குண்ணும். இடையில் ஓர் அடுக்கு மட்டும் நீளம் மாறாமல் இருக்கும். வளைவுக்குள் அந்த அடுக்கு எவ்வளவு நீளம் என்பதே பெண்ட் அலவன்ஸ். அந்த அடுக்கு உட்புறத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்வது கே காரணி.

2 மி.மீ. தகட்டில் ஒரு எல் வடிவத் தாங்கி. வெளியளவு 50, 30 மி.மீ.; வளைவு 90 பாகை; உள் ஆரம் 2 மி.மீ.; கே காரணி 0.44. ஒவ்வொரு வெளியளவிலும் உள் ஆரமும் தடிமனும் சேர்ந்த 4ஐக் கழித்தால், நேர்ப் பகுதிகள் 46, 26. வளைவில் 4.52. ஆக, வெட்ட வேண்டிய நீளம் 76.52 மி.மீ. 'படி' என்று படித்த மாணவர் ஒருவர் 50, 30 இரண்டையும் கூட்டி, அதன்மேல் 4.52ஐயும் சேர்த்து 84.52 என்று எழுதிக் காட்டினார். அவரை எப்படிக் குறை சொல்வது? படி என்றால் சம்பளத்துக்கு மேல் தருவதுதானே!

நண்பர் ஒருவர் 'வளைவு ஈடு' என்கிறார். நல்ல பழைய சொல்தான். ஆனால் ஈடு என்றால் ஏதோ இழந்திருக்க வேண்டும். இங்கே இழப்பும் இல்லை, ஈடுகட்டலும் இல்லை. வளைவுக்குள் கிடக்கும் நீளம் மட்டுமே இருக்கிறது. தூய தமிழாக இருப்பது மட்டும் போதாது, கணக்கும் சரியாக வரவேண்டும்.

எனவே என் தேர்வு, வளைவு நீளம். மடிப்புக் கோட்டின் நீளத்தோடு இது குழம்பாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதை மடிகோட்டு நீளம் என்றே தனியாகச் சொல்லிவிடலாம். பெண்ட் டிடக்‌ஷன், அதாவது வெட்டும் நீளத்துக்காக வெளியளவுகளின் கூட்டுத்தொகையான 80இலிருந்து எடுக்கும் 3.48 மி.மீ., வளைவுக் குறைப்பு. 'கழிவு' வேண்டாம், பட்டறையில் அது மூலையில் குவியும் துண்டுகளின் பெயர்.

இதே குறிப்பில் ஷீட் மெட்டல் 'தாள் உலோகம்' ஆகியிருக்கிறது. செப்புத் தகடும் தாயத்துத் தகடும் புழங்கும் மொழியில் தாளைத் தேடிப் போவானேன்? சொல்லைப் பெயர்த்தவர் ஒருமுறையாவது தகட்டைக் கையில் எடுத்து மடித்துப் பார்த்திருக்கலாம்.

மென்பொருளில் ஆங்கிலப் பெயர்தான் கண்ணில் படும் என்பதால், என் வகுப்புக் குறிப்பில் முதல் முறை மட்டும் 'வளைவு நீளம், அதாவது பெண்ட் அலவன்ஸ்' என்று எழுதுகிறேன்.