மாலத்தீவு விசா இலவசம்தான், ஆனால் வாசலில் கேள்வி உண்டு

மாலத்தீவுக்குச் சுற்றுலா போக முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அங்கே போய் இறங்கியதும் 30 நாளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். இந்தியர்களுக்கு 90 நாள். பின்னணி இவ்வளவுதான். அந்த "இலவசம்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஏமாந்து நின்றவர்களைப் பார்த்திருப்பதால் மீதியை எழுதுகிறேன்.

முதலில் இமுகா. அதுதான் மாலத்தீவு இமிக்ரேஷனின் இணையப் படிவம். விமானம் ஏறுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு பயணியும் நிரப்ப வேண்டும், குழந்தையும் சேர்த்து. கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆனால் இணையத்தில் தேடினால் அரசு முத்திரை போலவே எதையோ போட்டுக்கொண்டு, அட்டை எண் கேட்கும் போலித் தளங்கள் வரும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நாலு பேருக்கும் டாலரில் பணம் கட்டியது. கிடைத்தது, சும்மா கிடைத்திருக்கக்கூடிய அதே க்யூஆர் குறியீடு. பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை. உடனே மூடிவிடுங்கள். குறியீட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போனில் வையுங்கள். விமானம் ஏறும் முன்பே கவுன்ட்டரில் கேட்பார்கள்.

படிவத்தில் பெயரை பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுதுங்கள். நமக்குத்தான் இதில் தொல்லை அதிகம். இனிஷியல் ஒரு இடத்தில் விரிந்திருக்கும், இன்னொரு இடத்தில் ஒற்றை எழுத்தாக இருக்கும். டிக்கெட், படிவம், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும். தப்பிருந்தால் டிக்கெட் போட்ட அன்றே விமான நிறுவனத்திடம் சொல்லித் திருத்துங்கள். கடைசி நாளில் அவர்கள் இவரைக் கேளுங்கள், அவரைக் கேளுங்கள் என்று அலைய விடுவார்கள்.

அப்புறம் இறங்கியதும் வரும் கேள்விகள். திரும்பும் டிக்கெட் எங்கே? தங்கும் இடம் எது? செலவுக்குப் பணம் உண்டா? இதற்கெல்லாம் காகிதம் காட்ட முடியாவிட்டால் இலவச விசாவும் இல்லை, வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பலாம். பலர் சிக்குவது தங்கும் இடத்தில்தான். முதல் இரண்டு இரவுக்கு மட்டும் அறை போட்டுவிட்டு, மீதியை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். எல்லா இரவுக்கும் முன்பதிவு இருக்கட்டும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. "சுற்றுலா விசாவில் போங்க, அங்கே போனதும் வேலைக்கு மாத்திக்கலாம்" என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்கும் ஏஜென்ட்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காவிட்டாலும் குற்றம்தான். வேலைக்குப் போகிறவருக்கு, கிளம்பும் முன்பே அங்குள்ள முதலாளி அனுமதி வாங்கி அனுப்ப வேண்டும். அந்தக் காகிதம் கையில் வராமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

பணக் கணக்குக்கு வருவோம். விளம்பரத்தில் 100 டாலர் அறை என்று போட்டிருந்தால் அது 100 இல்லை. 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகை மேல் 17 சதவீதம் சுற்றுலா வரி (2025 ஜூலையிலிருந்து). அதுவே 128.70 டாலர் ஆகிவிடும். இதற்கு மேல் பசுமை வரி: மக்கள் வாழும் தீவுகளில் 50 அறைக்கு மிகாத கெஸ்ட்ஹவுஸ் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இல்லை. முன்பதிவு செய்யும்போதே "எல்லா வரியும் சேர்த்து எவ்வளவு" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படகுக் கட்டணம் அதில் உண்டா என்பதையும் கேளுங்கள். சில தீவுகளுக்கு அறை வாடகையைவிட அதுவே கூட வரும்.

தீவுகளுக்குக் கூட்டிப்போகும், தண்ணீரில் இறங்கும் கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் போய் இறங்கும் டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால், அன்று இரவு தலைநகர் மாலே பக்கம் சொந்தச் செலவில் அறை எடுக்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை அரசுப் படகுகளை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலை எதையும் கொண்டு போகக் கூடாது. பெட்டியில் சின்னப் பிள்ளையார் வைக்கும் பழக்கம் இருந்தால் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். வேப் (மின்சிகரெட்) சாதனத்துக்குச் சுற்றுலாப் பயணிக்கும் சலுகை இல்லை, முழுத் தடை. 2007 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவருக்கு சிகரெட்டும் கிடையாது, இதுவும் பயணிகளுக்குப் பொருந்தும். தூக்க மாத்திரை, வலுவான வலி மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவர் சீட்டை மாத்திரை அட்டையோடு சேர்த்தே வையுங்கள்.

திரும்பும்போதும் இமுகா படிவம் நிரப்ப வேண்டும், அதே 96 மணி நேரக் கணக்கில். வரும்போது நிரப்பியதே போதும் என்று நினைத்து, விமான நிலைய வைஃபையைத் தேடிக்கொண்டு நிற்பவர்கள் நிறைய. முந்தின நாள் இரவு அறையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.