மடை அடைக்காத நுரையீரல்

லடாக் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அங்கே சுமை தூக்கும் ‘ஜோ’ என்கிற விலங்கு மாடா, யாக்கா? மாடு என்றால் அந்த உயரத்தில் எப்படிச் சமாளிக்கிறது?”

இரண்டும்தான். யாக்குக்கும் (இமயமலைப் பக்கத்துச் சடைமாடு) நம் சாதாரண மாட்டுக்கும் பிறந்த ஆண் கன்று ஜோ. பெண் என்றால் ஜோமோ. இரு பெற்றோருக்கும் 60 குரோமோசோம்கள் என்பதால் சேர்க்கையில் சிக்கல் இல்லை. இத்தனைக்கும் இரண்டும் நெருங்கிய உறவு அல்ல. 2012-இல் வெளியான யாக்கின் மரபணுத் தொகுப்பு, இரு வம்சங்களும் சுமார் 49 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்றது. மனிதர் யாக்கைப் பழக்கத் தொடங்கியது சுமார் 7,300 ஆண்டுகளுக்கு முன் என்பது 2015-இல் வந்த மற்றொரு மரபணு ஆய்வின் கணக்கு. (நம் கவரிமா இதுதான் என்பார்கள். ஒரு மயிர் உதிர்ந்தாலே உயிரை விட்டுவிடும் என்று மேடையில் முழங்குகிறவர்கள், ஒவ்வொரு கோடையிலும் மேய்ப்பர்கள் அதன் உடம்பிலிருந்து சீவி எடுக்கும் ரோமக் குவியலை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.)

சமாளிப்பது எப்படி என்ற கேள்விதான் சுவையானது. பலரும் ரத்தத்தைச் சொல்வார்கள், ஹீமோகுளோபினைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் நுரையீரலுக்குள் ஓடும் சின்னஞ்சிறு தமனிகளைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

நம் நுரையீரலின் ஒரு மூலையில் சளி அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். அங்கே காற்று போகாது, ஆக்சிஜன் குறையும். உடனே அந்த இடத்து ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. அறுவடை முடிந்த வயலுக்கு மடையை அடைத்து, பயிர் நிற்கும் வயலுக்குத் தண்ணீரைத் திருப்புகிற விவசாயியின் வேலை இது. காற்றில்லாத இடத்துக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன்? மூளையின் கட்டளை எதுவும் தேவையில்லை. அந்தக் குழாயின் சுவரிலுள்ள தசையே ஆக்சிஜன் குறைவை உணர்ந்து இறுகுகிறது.

சமவெளியில் அருமையான ஏற்பாடு. ஆனால் 4,000 மீட்டருக்கு மேலே போனால் நுரையீரல் முழுவதிலுமே ஆக்சிஜன் குறைவு. எல்லா மடைகளும் ஒரே நேரத்தில் அடைபடுகின்றன. பம்பு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அழுத்தம் ஏறுகிறது, இதயத்தின் வலப்பக்கம் பருத்துத் தளர்கிறது, உடம்பில் நீர் கோக்கிறது. உயரமான மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் சென்ற மாடுகளின் முன்மார்பு வீங்கி, அவை செத்து விழுவதை அமெரிக்காவின் கொலராடோவில் 1915-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். மாட்டின் நுரையீரல் தமனிகளில் தசை தடிமன். அதனால் இறுக்கமும் அதிகம்.

யாக்கில் அந்தச் சுவர் மெல்லியது. ஆக்சிஜன் குறைந்தாலும் குழாய் பெரிதாகச் சுருங்குவதில்லை. உயரத்தில் வாழ யாக் புதிதாக ஒரு கருவியைச் செய்துகொண்டது என்பதைவிட, இருந்த அனிச்சைச் செயல் ஒன்றைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டது என்பதே பொருத்தம்.

இனி ஜோ. அதற்குக் கிட்டத்தட்ட ஒவ்வொரு மரபணுவிலும் ஒரு படி (நகல்) யாக்கிடமிருந்து, ஒரு படி மாட்டிடமிருந்து. அப்படியானால் நுரையீரல் அழுத்தம் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும் அல்லவா? 1980-களில் இந்தர் ஆனந்த் உள்ளிட்ட மருத்துவர்கள் லடாக்கிலேயே யாக், மாடு, கலப்பினம் எல்லாவற்றிலும் அளந்து பார்த்தார்கள். ஜோ நடுவில் நிற்கவில்லை, யாக்கின் பக்கமே நின்றது. அதாவது இந்தப் பண்பு ஓங்கு பண்பு. ஒரு படி இருந்தாலே போதும். பள்ளியில் பட்டாணிச் செடியோடு மறந்துபோன மெண்டல், பனிமலையில் ஒரு பொதிமாட்டின் நெஞ்சுக்குள்ளே இருக்கிறார்!

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. இதே ஆனந்தும் சகாக்களும் 1990-இல், 5,800 மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில் நிறுத்தப்பட்ட இந்திய வீரர்களைப் பற்றி எழுதினார்கள். உடல் வீக்கம், நுரையீரலில் ஏறிய அழுத்தம், வலப்பக்க இதயத் தளர்ச்சி: கொலராடோ மாடுகளுக்கு வந்ததேதான். கீழே இறக்கியதும் தேறினார்கள். நம் நாட்டில் யாக்குக்கென்று அருணாச்சலப் பிரதேசத்தின் திராங்கில் ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் எஞ்சியவை சுமார் 58 ஆயிரம். 2012-ஐவிடக் கால் பங்கு குறைவு. ஒரு மையத்துக்கு ஒதுக்கும் தொகையை நான் ஒருபோதும் வீண் என்று சொல்ல மாட்டேன்.

இவ்வளவு நல்ல கலப்பு ஏன் தனி இனமாக நிலைக்கவில்லை? ஜோவுக்கு விந்தணு உருவாவதில்லை. ஜோமோ கன்று ஈனும், பாலும் நிறையத் தரும். கலப்பினத்தில் மலட்டுத்தன்மை வந்தால் அது இருவேறு பாலினக் குரோமோசோம்கள் கொண்ட பாலினத்தையே, பாலூட்டிகளில் ஆணையே, முதலில் தாக்கும் என்று 1922-இல் சொன்னவர் மரபியல் அறிஞர் ஹால்டேன். பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரில் காலமானவர்.

ஆண் வழி அடைபட்டாலும் ஜோமோக்கள் வழியாக மாட்டு மரபணுக்கள் யாக் மந்தைக்குள் கசிந்துகொண்டுதான் இருந்தன. 2017-இல் வெளியான ஆய்வின்படி மங்கோலிய யாக்கின் மரபணுத் தொகுப்பில் சுமார் 1.3 சதவீதம் மாட்டிலிருந்து வந்தது. கலப்பு தொடங்கி 1,500 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அங்குள்ள கொம்பில்லாத யாக்குகளுக்கு அந்த மொட்டைத் தலையே மாடு தந்ததுதான். வந்த துண்டுகளில் நரம்பு மண்டல வளர்ச்சி தொடர்பான மரபணுக்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். முரட்டு யாக்கைக் கொஞ்சம் சாதுவாக்க, மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக அடங்கிப்போகும் கன்றுகளையே தேர்ந்து வைத்துக்கொண்டதன் விளைவாக இது இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.