நம்ம ஆளுக்கு நன்கொடை கொடுக்கும் முன்

மார்ச் பிறந்தால் என் மேசையில் ரசீதுகள் குவியும். நியூ ஜெர்சியில் கணக்காளர் வேலை. தமிழ்க் குடும்பங்களுக்கு வரிப் படிவம் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. தேர்தல் வரும் ஆண்டுகளில் சின்னச் சின்ன பிரச்சாரக் குழுக்களுக்கும் கணக்கு எழுதியிருக்கிறேன். இந்த சீசனிலும் அதே கதைதான். கோவில் உண்டியல் ரசீது, பழைய துணி கொடுத்த ரசீது, இவற்றுக்கு நடுவே காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, நிற்கும் வேட்பாளர் ஒருவரின் விருந்துக்குக் கொடுத்த ஆயிரம் டாலர் ரசீது. "இதையும் கழிச்சிடுங்க சார்."

கழிக்க முடியாது. அரசியல் நன்கொடைக்குக் கூட்டாட்சி வருமான வரியில் ஒரு சென்ட் கூடக் கழிவு கிடையாது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் பெரும்பாலும் அதுவே எழுதியிருக்கும். இதை வருடா வருடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, அதனால் அதை விடுகிறேன்.

அலுக்காமல் எரிச்சலூட்டுவது அடுத்த பதில். "சரி, அவர் எதற்காக நிற்கிறார்? ஜெயித்தால் என்ன செய்வாராம்?" என்று கேட்டேன். "நம்ம ஆளு சார், கும்பகோணம் பக்கம்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இதே மனிதர் ஒரு டிவி வாங்க நாலு கடை விலை பார்த்து, ஐம்பது விமர்சனம் படித்துவிட்டுத்தான் கார்டைத் தேய்ப்பார்.

கொஞ்சம் கிளறினால் உள்ளே இருப்பது இதுதான்: நம்ம ஆள் உள்ளே போனால் நம்ம கிரீன் கார்டு வரிசை நகர்ந்துவிடும். இந்த நம்பிக்கையை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஆகவே கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000 என்பதும், பொதுவாக எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதும் 1990-இல் இயற்றிய குடிவரவுச் சட்டத்தில் உள்ளவை. 1,40,000 என்பது விண்ணப்பதாரரை மட்டுமல்ல, மனைவி மக்களையும் சேர்த்த கணக்கு. இதை மாற்ற வேண்டுமானால் சட்டம் மாற வேண்டும். அதற்குக் கீழ்ச்சபையும் செனட்டும் ஒரே வாசகத்தை நிறைவேற்றி, அதிபர் கையெழுத்துப் போட வேண்டும். 435 பேர் கொண்ட கீழ்ச்சபையில் புதிதாக வந்து உட்காரும் ஒருவரால் என்ன முடியும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 7 சதவீத உச்சவரம்பை நீக்க யார் யார் மசோதா கொண்டுவந்தார்கள் தெரியுமா? 2011-இல் யூட்டாவைச் சேர்ந்த ஜேசன் சாஃபெட்ஸ். அது கீழ்ச்சபையில் 389-க்கு 15 என்று தாண்டியது, செனட்டில் படுத்துவிட்டது. 2017-இல் கான்சஸின் கெவின் யோடர் அதைக் கையில் எடுத்தார். 2019-இல் கலிஃபோர்னியாவின் ஸோயி லோஃப்க்ரன் கொண்டுவந்தது ஜூலை 10 அன்று 365-க்கு 65 என்று நிறைவேறியது. செனட்டில் மைக் லீ கொண்டுவந்தது 2020 டிசம்பர் 2-இல் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. அப்புறம் என்ன ஆயிற்று? இரண்டு சபையும் நிறைவேற்றியவை வெவ்வேறு வாசகங்கள். அவற்றை ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரஸின் காலமே முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. இந்த நாலு பெயரில் ஒன்றாவது கும்பகோணமா?

யோடரின் கதையை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். 2017 பிப்ரவரியில் கான்சஸின் ஓலேத்தா நகரில், மதுக்கூடம் ஒன்றில் இந்தியப் பொறியாளர் ஒருவரை ஒருவன் வெறுப்பில் சுட்டுக் கொன்றான். கணவர் போனதோடு அவரைச் சார்ந்திருந்த மனைவியின் விசா உரிமையும் போனது. அந்தத் தொகுதி உறுப்பினர் யோடர். அந்தப் பெண் இந்தியாவிலிருந்து திரும்பி வந்து வேலை பார்க்க உதவியது அவர் அலுவலகம்தான். பழமைவாதக் கட்சிக்காரர், அதுவரை இந்த விஷயத்தில் பெரிதாகப் பெயர் எடுத்தவரும் இல்லை. அந்த ஆண்டே மசோதாவை முன்னின்று கொண்டுசெல்பவர் ஆனார். ஒரு வேட்பாளருக்கு ஒரு விஷயத்தில் அக்கறை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: அவர் தொகுதியில் யாருக்கு என்ன நடந்தது, அவர் கதவைத் தட்டியது யார். குலம் கோத்திரம் எல்லாம் அதற்குப் பிறகு. யோடர் 2018-இல் தோற்றுப்போனார் என்பது வேறு விஷயம்.

சரி, "நம்ம ஆட்கள்" இருவரையே எடுத்துக்கொள்வோம். இருவரும் 2016-இல் முதன்முறையாகக் கீழ்ச்சபைக்குப் போனவர்கள், இருவரும் ஒரே கட்சி, ஜனநாயகக் கட்சி. பிரமிளா ஜெயபால் 1965-இல் சென்னையில் மலையாளிக் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் தனியாகப் படிக்க வந்தார். முதலீட்டு வங்கியில் வேலை, அப்புறம் பொதுச் சுகாதாரம், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு குடியேறிகளுக்காக சியாட்டிலில் ஓர் அமைப்பு, பிறகு மாநில செனட். ராஜா கிருஷ்ணமூர்த்தி 1973-இல் டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மூன்று மாதக் குழந்தையாக இங்கே வந்தவர். குடும்பம் ஒரு கட்டத்தில் அரசு உணவு உதவியில் இருந்ததை அவரே மேடைகளில் சொல்வார். பிரின்ஸ்டன், ஹார்வர்டு சட்டம், தொழில். 2012 பிரைமரியில், அதாவது கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், டாமி டக்வொர்த்திடம் தோற்று, நாலு வருடம் கழித்து ஜெயித்தார்.

பின்னணி இப்படி என்றால் முன்னுரிமையும் வேறு வேறாகத்தானே இருக்கும். ஜெயபால் அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்று நிற்கிறவர், இடதுசாரி அணிக்குத் தலைமை வகித்தவர். கிருஷ்ணமூர்த்தி மிதவாத அணி. 2018-இல் சட்டமான தொழிற்கல்விச் சீர்திருத்தத்தை குடியரசுக் கட்சி உறுப்பினரோடு சேர்ந்து கொண்டுவந்தவர். 2019 டிசம்பரில் காஷ்மீரில் தகவல் தொடர்புத் தடையை நீக்கச் சொல்லி ஜெயபால் தீர்மானம் கொண்டுவந்தபோது, அவரும் கலந்துகொள்ளவிருந்த உறுப்பினர்கள் குழுவைச் சந்திக்கவே இந்திய வெளியுறவு அமைச்சர் மறுத்துவிட்டார். அதுவரை "நம்ம சென்னைப் பொண்ணு" என்று படம் எடுத்துக்கொண்ட பலர் அன்றைக்குத் திடுக்கிட்டார்கள். ஏன் திடுக்கிட வேண்டும்? பதினைந்து வருடமாக அவர் எந்த வேலை செய்தார் என்று பார்த்திருந்தால் இது ஒரு செய்தியே இல்லை. அவர் செய்தது சரியா தப்பா என்று நான் சொல்ல வரவில்லை. படிக்காமல் பணம் கொடுத்துவிட்டு ஏமாந்தேன் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

படிப்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. 5,000 டாலருக்கு மேல் திரட்டிய அல்லது செலவழித்த வேட்பாளர் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். கீழ்ச்சபை வேட்பாளர் தன் சொத்து, வருமானம், கடன், வகித்த பதவிகள் எல்லாவற்றையும் சபையின் கிளார்க்கிடம் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டையும் வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். சொத்து வெளிப்பாட்டில் தொகைகள் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்றுதான் இருக்கும்; அது போதும்.

போதும் என்பதற்கு, நியூயார்க்கிலிருந்து கீழ்ச்சபைக்கு ஜெயித்த ஜார்ஜ் சாண்டோஸ் சாட்சி. 2020-இல் முதல் முறை நின்றபோது அவர் காட்டிய சம்பளம் 55,000 டாலர். 2022-இல் காட்டியது 7,50,000. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகூட "இது எப்படி?" என்று கேட்கும். லாங் ஐலண்டில் ஓர் உள்ளூர் வாரப் பத்திரிகை தேர்தலுக்கு முன்பே கேட்டது. யாரும் காதில் வாங்கவில்லை. ஜெயித்த பிறகு, டிசம்பர் 19 அன்று நியூயார்க் டைம்ஸ் எழுதியதும்தான் ஊரே விழித்தது: படித்ததாகச் சொன்ன கல்லூரியில் படிக்கவில்லை, வேலை பார்த்ததாகச் சொன்ன வங்கிகளில் பார்க்கவில்லை. பிரச்சாரக் கணக்கில் வரிசையாக 199.99 டாலர் செலவுகள். 200-ஐத் தாண்டினால்தான் பில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த 99 சென்ட்டைப் பார்த்ததுமே சிரிப்பு வந்தது. 2023 டிசம்பர் 1 அன்று 311-க்கு 114 என்று சபையிலிருந்து நீக்கினார்கள். 2025 ஏப்ரலில் 87 மாதச் சிறை. அக்டோபரில் அதிபர் அதைக் குறைத்து வெளியே விட்டுவிட்டார். நன்கொடையாளர்களின் கார்டு எண்களைத் திருட்டுத்தனமாகத் தேய்த்ததும் குற்றப்பத்திரிகையில் இருந்தது. யாருடைய கார்டை? நம்பிக் கொடுத்தவர்களுடையதை.

வேட்பாளர் ஆணையத்துக்குத் தரும் காலாண்டு அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது, வேட்பாளர் தன் பிரச்சாரத்துக்குத் தானே கடன் கொடுத்திருக்கிறாரா என்பது. 2022 மே மாதம் டெக்சஸ் செனட்டர் டெட் குரூஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, தேர்தல் முடிந்து வரும் நன்கொடையிலிருந்து அந்தக் கடனைத் திருப்பி எடுத்துக்கொள்ள இருந்த 2,50,000 டாலர் வரம்பும் போய்விட்டது. அதாவது "வெற்றி விருந்து" என்று அழைத்து வாங்கும் உங்கள் ஆயிரம் டாலர் நேராக அவர் பைக்கே போகலாம், சட்டப்படியே. அடுத்து, பணம் தொகுதிக்குள்ளிருந்து வருகிறதா, ஐந்து மாநிலம் தள்ளியிருந்தா என்று பார்ப்பேன். வேட்பாளர் தொகுதியில் குடியிருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்வதில்லை. மாநிலத்தில் இருந்தால் போதும். 25 வயது, 7 ஆண்டு குடியுரிமை, அவ்வளவுதான் தகுதி.

இனி உங்கள் பக்கம். இங்கே நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன்.

ஹெச்-1பி, எல்-1 வேலை விசா, மாணவர் விசா, இதில் எதில் இருந்தாலும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. வேட்பாளருக்கு விருந்து வைத்து அந்தச் செலவை ஏற்பதும் கொடுத்ததாகத்தான் கணக்கு. கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம், ஆனால் ஓட்டுப் போடக்கூடாது. ஓட்டர் பதிவுப் படிவத்தில் கையெழுத்தே போடாதீர்கள். விசாவில் இருக்கிறவர் சம்பளம் வாங்காமல் தொண்டராகப் போகலாம், கதவு தட்டலாம். பிரச்சாரத்தின் பண முடிவுகளில் மட்டும் தலையிடக் கூடாது.

"என் மச்சான் சிட்டிசன், அவர் பேரில் கொடுத்துட்டு நான் அவருக்கு ஸெல்லில் பணம் அனுப்பிட்டேன்." இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்! ஐயா, அது கூட்டாட்சிக் குற்றம். அடுத்தவர் பெயரில் பணம் கொடுப்பது, அடுத்தவருக்குப் பணத்தைத் திருப்பித் தந்து கொடுக்க வைப்பது, இரண்டும் ஒன்றுதான். ஹோட்டல் முதலாளி சந்த் சத்வாலும் எழுத்தாளர் தினேஷ் டி சூஸாவும் 2014-இல் நியூயார்க்கில் இதே குற்றத்துக்குத்தான் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். இருவரும் குடிமக்கள், வக்கீல் வைக்க வசதியானவர்கள். குடியுரிமை நேர்காணலுக்குக் காத்திருக்கும் உங்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஸெல் பரிமாற்றத்துக்குப் பதிவு இருக்கும்.

2025-26 தேர்தல் சுற்றில் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை கொடுக்கலாம். பிரைமரி தனி, பொதுத்தேர்தல் தனி. 200 டாலரைத் தாண்டினால் உங்கள் பெயர், ஊர், வேலை, முதலாளி எல்லாம் ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லாதீர்கள், எடுக்க முடியாது. இணையத்தில் கொடுத்தால் "மாதாமாதம்" என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களே, உங்களிடம் ஒரு கெஞ்சல். பெரும்பாலான சங்கங்கள் 501 சி 3 அமைப்புகள், அதாவது வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்கள். 1954-லிருந்தே அவை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. பொங்கல் விழா மேடையில் ஒருவரை மட்டும் ஏற்றி, மாலை போட்டு, "இவருக்கு வாக்களியுங்கள்" என்று மைக்கில் சொன்னால் வரிவிலக்கு ஆபத்தில் இருக்கிறது. எல்லா வேட்பாளரையும் சம நேரம் கொடுத்து அழையுங்கள், குறையொன்றும் இல்லை. தலைவர் தன் சொந்தப் பெயரில் யாரை வேண்டுமானாலும் ஆதரிக்கட்டும். சங்கத்தின் லெட்டர்ஹெட்டிலும் மின்னஞ்சல் பட்டியலிலும் வேண்டாம். வாட்ஸப் குழுவும் அதில் சேர்த்தி.

விருந்துக்குப் போகத்தான் போகிறீர்கள், போங்கள். தட்டை வைத்துவிட்டு வேட்பாளரிடம் கேளுங்கள்: எந்தக் கமிட்டியில் இடம் கேட்பீர்கள்? குடிவரவு மசோதாக்கள் போவது நீதித்துறைக் கமிட்டிக்கு. அவர் வேளாண்மைக் கமிட்டி என்றால் நல்லது, ஆனால் உங்கள் கிரீன் கார்டு கனவை அவர் தலையில் ஏற்றாதீர்கள். உங்கள் தொகுதியில் மூன்று பெரிய பிரச்சினை என்ன என்று கேளுங்கள். அதற்குப் பதிலாக இட்லி, யோகா, பாட்டி வைத்த ரசம் என்று பேச ஆரம்பித்தால் கைப்பையை மூடிவிடலாம்.

விசாவில் இருந்துகொண்டு ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் இதைப் படித்தால், பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். முதலில் குடிவரவு வக்கீல் ஒருவரைப் பாருங்கள். அவர் சரி என்றதும் பிரச்சாரப் பொருளாளருக்கு எழுதுங்கள். தகாத பணம் என்று தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர் திருப்பித் தர வேண்டும்.