ரிப்போர்ட் நார்மல் என்றால் குழந்தையின் வலி பொய்யா?

போன வாரம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். கூடவே கனமான ஒரு ஃபைல். இரண்டு வருடமாக முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு என்று மாறி மாறி வலி. ரத்தப் பரிசோதனை மட்டும் பதினோரு முறை எடுத்திருக்கிறார்கள். எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த மருத்துவர், "பள்ளிக்கூடம் போக மனசில்லை, அதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அம்மா இதைச் சொல்லி முடிக்கும்வரை அந்தக் குழந்தை தலை நிமிரவே இல்லை.

ஃபைலை மூடி வைத்துவிட்டு, பென்சிலும் தாளும் கொடுத்து எழுதச் சொன்னேன். பென்சிலை அழுத்தியதும் ஆள்காட்டி விரலின் நுனிமூட்டு உள்பக்கமாகக் குழிந்தது. நான்காவது வரியில் எழுத்து சரிந்தது. பென்சிலை வைத்துவிட்டுக் கையை உதறினாள். கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக வளைத்தேன், முன்கையில் போய் ஒட்டிக்கொண்டது. பதினோரு முறை ஊசி குத்திய கையை ஒருவர்கூட வளைத்துப் பார்க்கவில்லை. இந்த மாதம் இப்படி வந்த மூன்றாவது குழந்தை இவள்.

மூட்டு இப்படி அளவுக்கு மீறி வளைவதைத்தான் மூட்டுத் தளர்வு என்கிறோம். அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது. ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்த அளவுகள் இரண்டும் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இருந்தால் ஏறும். தளர்ந்த மூட்டில் அழற்சி இல்லை, அதனால் ஏறாது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநார் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது தெரியாது. எலர்ஸ்-டான்லோஸ் என்பது உடலின் இணைப்புத் திசு பலவீனமாக இருக்கும் நோய்களின் குடும்பம். அதில் மூட்டு வளைவதோடு வலியும் சேர்ந்த வகைக்கு மரபணுப் பரிசோதனைகூட இதுவரை இல்லை. அதே குடும்பத்தின் மற்ற பல வகைகளுக்குத்தான் உண்டு. ஆக, ரிப்போர்ட் நார்மல் என்றால் தேடிய இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். குழந்தை நடிக்கிறது என்று எந்த ஆய்வகமும் எழுதித் தருவதில்லை. அதை நாம்தான் சேர்த்துக்கொள்கிறோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ரத்தத்தில் ஏஎஸ்ஓ அளவு கொஞ்சம் கூடியிருந்தால் போதும், வாதக் காய்ச்சல் (தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்) என்று மாதாமாதம் பென்சிலின் ஊசி ஆரம்பித்துவிடுகிறார்கள். தொண்டையில் ஒரு கிருமி வந்து போனதற்கான தடயம்தான் ஏஎஸ்ஓ. அதை மட்டும் வைத்து ஒரு குழந்தையை வருடக்கணக்கில் ஊசிக்கு இழுக்காதீர்கள் என்று என் சக மருத்துவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

தளர்வைக் கண்டுபிடிக்கக் கையும் இரண்டு நிமிடமும் போதும். பெய்ட்டன் மதிப்பெண் என்று 9 புள்ளிக் கணக்கு ஒன்று உண்டு: சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால் ஆகியவை அளவுக்கு மீறி வளைந்தால் பக்கத்துக்கு ஒரு புள்ளி, முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தால் இன்னொன்று. பருவமடையாத குழந்தைக்கு 6 அல்லது அதற்கு மேல் வந்தால் தளர்வு உடல் முழுவதும் பரவலாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். சிறுமிக்கு 8. அம்மாவையும் குனியச் சொன்னேன். அவருடைய உள்ளங்கையும் அலட்டிக்கொள்ளாமல் தரையைத் தொட்டது. "எனக்கும் சின்ன வயசில் கால் வலிக்கும் டாக்டர்" என்றார்.

சரி, வளைகிறது என்றாலே நோயா? இல்லை. வலி இல்லாமல் வளைகிற குழந்தைகள் எத்தனையோ பேர், அவர்களுக்கு எதுவும் செய்ய வேண்டாம். வளைகிறது என்பதற்காக வேறு எதையும் தேடாமல் விடுவதும் ஆபத்து. காலையில் எழுந்ததும் மூட்டு இறுகி, நடக்க நடக்கச் சரியாகிறதா? ஒரு மூட்டாவது வீங்கியிருக்கிறதா? ஆறு வாரம் தாண்டிய வீக்கம் என்றால் குழந்தைகளுக்கு வரும் மூட்டழற்சியை நினைக்க வேண்டும். அதிலும் ஈஎஸ்ஆர் நார்மலாக இருக்கலாம், மூட்டுவாதத்துக்கு எடுக்கும் ஆர்ஏ ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் நெகட்டிவ்தான். கண் மருத்துவரிடமும் காட்டுங்கள், இந்த நோயில் கண் சிவக்காமல், வலிக்காமலே உள்ளே அழற்சி வந்துவிடலாம். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலி, காய்ச்சல், வெளிறிய முகம், எடை குறைவது என்றால் காத்திருக்கவே கூடாது. நெடுநெடுவென்ற உயரமும் நீண்ட விரல்களும் சேர்ந்திருந்தால் மார்ஃபான் (இதயத்தையும் பெரிய ரத்தக்குழாயையும் பாதிக்கக்கூடிய மரபுநோய்) உண்டா என்று இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஒன்றைக் கண்டித்தே சொல்கிறேன்: காரணம் தெரியும் முன் யார் சொன்னாலும் ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள். ரத்தப் புற்றுநோய் இருந்தால் அதை மறைத்துவிடும். "இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது" என்ற சந்தோஷத்துக்குக் கொடுக்கும் விலை பெரியது.

தளர்வுதான் காரணம் என்று உறுதியானால் மருந்தைவிடப் பயிற்சிதான் பிரதானம். மூட்டைச் சுற்றியுள்ள தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி, மாதக்கணக்கில். ஏற்கெனவே வளைகிற உடம்பை இன்னும் வளைக்கும் பயிற்சி வேண்டாம். விருந்தாளிகள் முன்னால் "விரலை மடக்கிக் காட்டு கண்ணு" என்பதை இன்றோடு நிறுத்துங்கள். தடித்த பென்சில் வாங்கிக் கொடுங்கள், எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம் கேளுங்கள். விளையாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உட்கார வைத்தால் தசை இன்னும் இளைக்கும், வலி இன்னும் கூடும்.

அப்புறம், மருத்துவரிடம் வரும்போது ஃபைலோடு இன்னொன்றும் கொண்டு வாருங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் சில நிமிடங்களையும், விளையாடிவிட்டு வந்த மாலையையும் செல்பேசியில் படம் பிடியுங்கள். காலையில் இருந்த நொண்டல் மதியம் என் அறைக்கு வரும்போது இருக்காது. எங்கே வலிக்கிறது என்று நான் கேட்டால், தயவுசெய்து குழந்தையைப் பதில் சொல்ல விடுங்கள்.