சாய்த்துப் பிடித்தாலும் சதுரம் சதுரம்தான்

நான்காம் வகுப்பில் சதுரமாக வெட்டிய அட்டை ஒன்றைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டேன். "சதுரம்" என்றார்கள். அதே அட்டையை ஒரு மூலை கீழே வரும்படி திருப்பிப் பிடித்தேன். "டைமண்ட், டீச்சர்!" ஒரு பிள்ளைக்குக்கூட சந்தேகம் வரவில்லை.

குளச்சல் பக்கம் கடலோரப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். வருடம் தவறாமல் இதே பதில்தான். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. நாம் காட்டுகிற படங்களில் சதுரம் எப்போதும் நிமிர்ந்து நிற்கும், செவ்வகம் படுத்திருக்கும். பிள்ளை பக்கத்தையும் கோணத்தையும் பார்ப்பதில்லை, மொத்தத் தோற்றத்துக்குப் பெயர் வைக்கிறது. வடிவங்களைப் பிள்ளைகள் முதலில் தோற்றத்தால் அறிகிறார்கள், பண்புகள் அப்புறம்தான் பிடிபடும் என்று நெதர்லாந்தின் வான் ஹீலே தம்பதியர் 1957-லேயே தங்கள் ஆய்வுகளில் விளக்கியிருக்கிறார்கள். அந்த இரண்டாம் படிக்கு ஏற்றிவிடுவது நம் வேலை.

எங்கள் ஊரில் அதற்கு நல்ல பாடப்பொருள் வலை. பழைய வலைத்துண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு கண்ணியில் முடிச்சுக்கு முடிச்சு நான்கு பக்கமும் ஒரே அளவு. அது சாய்சதுரம். இரண்டு பிள்ளைகள் வலையை மேலும் கீழுமாக இழுத்தால் கண்ணி ஒடுங்கி நீளும். பக்கவாட்டில் இழுத்தால் அகலும். நூலின் நீளம் மாறவில்லை, கோணம்தான் மாறுகிறது. எதிரெதிர்க் கோணங்கள் சேர்ந்தே விரிகின்றன, சேர்ந்தே சுருங்குகின்றன. மெதுவாக இழுக்கச் சொன்னேன். நடுவில் ஓரிடத்தில் நான்கு மூலையும் செங்கோணமாக வந்து நின்றது. "அப்போ சதுரமும் சாய்சதுரம்தானா டீச்சர்?" என்று கேட்டாள் ஒருத்தி. நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அது மனப்பாடமாகப் போயிருக்கும். அவளே கண்டுபிடித்தாள்.

இதே வழியில் சதுரம் ஒரு செவ்வகமும்தான். நான்கு கோணமும் செங்கோணமாக இருந்தால் செவ்வகம். பக்கங்களும் சமமாக இருந்தால் அதற்குச் சதுரம் என்று கூடுதலாக ஒரு பெயர், அவ்வளவுதான். "சதுரம் வேறு, செவ்வகம் வேறு" என்று தயவுசெய்து வீட்டில் சொல்லிக்கொடுக்காதீர்கள். பெரிய வகுப்புக்குப் போனபிறகு அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

ஒரு ஜோடி எதிர்ப் பக்கம் மட்டும் இணையாக இருக்கும் சரிவகத்துக்கு ஓட்டு வீட்டின் கூரை போதும். நான்கு பக்கமும் சரியும் கூரையில் முன்சரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே மோடும் கீழே இறவாரமும் இணையாக ஓடும், இரண்டு ஓரமும் சாய்ந்து வரும்.

நாற்கரத்தின், அதாவது நான்கு பக்க வடிவத்தின், கோணங்களின் கூடுதல் 360 பாகை என்பதற்குக் காகிதம் போதும். எப்படிப்பட்ட நாற்கரமாக வெட்டினாலும் சரி, நான்கு மூலைகளையும் கிழித்து ஒரு புள்ளியைச் சுற்றி ஒட்டினால் இடைவெளி இல்லாமல் வட்டம் நிரம்பும்.

எதிர் மூலைகளை இணைக்கும் மூலைவிட்டம் பிள்ளைகளுக்குச் சலிப்பான பாடம். அதனால் நான் கொத்தனாரைக் கூப்பிடுவேன். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் முன் நான்கு முளை அடித்துக் கயிறு கட்டுவார். எதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தாலும் அவருக்குத் திருப்தி வராது. இணைகரமாகச் சாய்ந்திருக்கலாமே! மூலைக்கு மூலை டேப் பிடிப்பார், இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை முளையை நகர்த்துவார். வந்துவிட்டால் அறை செவ்வகம். இன்றைக்கு உங்கள் பிள்ளையோடு வீட்டுச் சன்னலை அப்படி அளந்து பாருங்கள். பழைய சன்னலாக இருந்தால் இன்னும் நல்லது, அளவு ஒன்றாக வராமல் போகும்போதுதான் பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்.