போல்ட் தலையைச் சுற்றி ஓடும் நிழல்

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மேஜைமேல் பாதி வேலையில் ஒரு செஞ்சூரியன் டேங்கின் பிளாஸ்டிக் மாடல் இருந்தது. 1965-இல் பஞ்சாபின் அசல் உத்தரில், தண்ணீர் தேங்கிய கரும்பு வயல்களில் சிக்கிய பாகிஸ்தானின் பாட்டன் டேங்குகளை எதிர்த்து நம் படை நிறுத்திய வண்டி. நிஜ வண்டியின் உடல் ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 35-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய ஒரு சாண்.

தூரிகை நுனியில் கரும்பழுப்பு வாஷை, அதாவது நன்றாக நீர்த்த பெயின்ட்டை, எடுத்து எஞ்சின் மூடியின் ஓரக்கோட்டில் ஒரே ஒரு இடத்தில் தொட்டேன். தொட்ட புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் கருங்கோடு கிளம்பி, மூலையில் திரும்பி, மூடியை முழுசாகச் சுற்றி வந்து சேர்ந்துகொண்டது.

“ஏனுங்ணா, சாயம் ஓடாம இருக்கத்தான் நாங்க பட்டறைல இத்தன பாடுபடறோம். நீங்க வேணும்னே ஓட்டறீங்க. அதெப்படிங்ணா சொல்லி வெச்சாப்புல கோட்டுலயே ஓடுது?” என்றார்.

நல்ல கேள்வி. அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். முழுசாகச் சொல்ல ஆசை.

முதலில், கோடு எதற்கு? நிஜ டேங்கின் மூடி இடுக்குகள் வெயிலில் கன்னங்கரேலென்று தெரியும். மாடலிலும் அதே விகிதத்தில் இடுக்கு இருக்கிறது, ஆனால் வெளிறிப்போய்க் கிடக்கிறது. காரணம் தலைக்குமேல் இருக்கும் ட்யூப்லைட். நாலடி விளக்கை டேங்கின் கணக்கில் பெருக்கினால் 42 மீட்டர் நீளம். அவ்வளவு பெரிய விளக்கை நிஜ டேங்குக்கு மேலே தொங்கவிட்டால் எந்தப் பொந்துக்குள்ளும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் புகுந்துவிடும். ஆக, விளக்கு அழித்த நிழலை நாம் கையால் போட்டுக் கொடுக்கிறோம்.

வாஷ் பெரிய ரகசியமில்லை. துளி ஆயில் பெயின்ட், அதைப்போல் பல பங்கு டர்பன்டைன். அடியில் அக்ரிலிக் பெயின்ட் காய்ந்திருந்தால் டர்பன்டைன் அதைக் கரைக்காது. ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள்.

இனி அந்த ஓட்டத்துக்கு வருவோம். நுண்புழை ஏற்றம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது, மெல்லிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறுவது. ஆனால் இங்கே குழாய் இல்லையே? மேலே திறந்து கிடக்கும் பள்ளம். போல்ட் தலையைச் சுற்றிப் பள்ளம்கூட இல்லை; போல்டின் சுவர் தகட்டோடு சேரும் வெறும் மூலை. அங்கேயும் ஓடுகிறது. எனக்கு இதைவிட அழகான காட்சி வேறில்லை.

அந்த மூலையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். டர்பன்டைனுக்குப் பெயின்ட் பூசிய சுவரோடு ஒட்டப் பிடிக்கும். மூலைக்குப் போனால் ஒரே சொட்டுக்கு இரண்டு சுவர் கிடைக்கிறது. இரண்டிலும் ஏறப் பார்ப்பதால் திரவத்தின் மேற்பரப்பு நடுவில் குழிந்துகொள்கிறது. பரப்பு குழிந்தால் அடியில் உள்ள திரவத்தின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறையும். குழி எவ்வளவு நெருக்கமோ, அழுத்தம் அவ்வளவு குறைவு. தூரிகை தொட்ட இடத்தில் திரவம் தடித்து நிற்கிறது, குழி அகலம், அழுத்தம் கூடுதல். மூலைக்குள் ஊர்ந்து போகும் நுனி மயிரிழைபோல் இருக்கிறது, குழி மிக நெருக்கம், அழுத்தம் மிகக் குறைவு. பின்னால் இருப்பதை நுனி உறிஞ்சிக்கொண்டே முன்னால் போகிறது.

கணக்கும் எளிதுதான். 0.2 மில்லிமீட்டர் அகலப் பள்ளம் டர்பன்டைனைச் செங்குத்தாக ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் இழுத்துவிடும். ஒரு சாண் டேங்கில் எந்தச் சுவரிலும் மேல்நோக்கி ஓட அது போதும்.

எல்லா மூலையிலும் எல்லாத் திரவமும் இப்படி ஓடிவிடாது. 1969-இல் பால் கான்கஸ், ராபர்ட் ஃபின் என்ற இரண்டு கணித அறிஞர்கள் இதற்கு ஒரு நிபந்தனையைக் கண்டுபிடித்தார்கள். மூலையின் கோணத்தில் பாதியையும், சேர்கோணத்தையும் (திரவத்தின் விளிம்பு சுவரைத் தொடும் கோணம்) கூட்டினால் 90 பாகைக்குள் இருக்க வேண்டும். போல்ட் மூலை 90 பாகை, பாதி 45. அப்படியானால் சேர்கோணம் 45-க்குள் இருந்தால்தான் ஓட்டம். டர்பன்டைனுக்கு அது கிட்டத்தட்டப் பூஜ்யம். தண்ணீருக்கு பிளாஸ்டிக்மேல் 90-ஐ ஒட்டி இருக்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை டர்பன்டைனைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல், இருந்தும் மூலையில் உருண்டு நிற்கிறது. இழுக்கப் பலம் இருந்தாலும் பிடிக்கச் சுவர் வேண்டுமே. தண்ணீர் வாஷில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விடுகிறவர்கள் அந்தப் பிடிப்பைத்தான் உண்டாக்குகிறார்கள்.

மூலைக்குள் திரவம் எப்படி நிற்கும் என்பதை இரண்டு பேர் காகிதத்தில் ஆராய்ந்ததற்கு அன்று யார் காசு கொடுப்பது என்று கேட்டிருக்கலாம். புவியீர்ப்பு தெரியாத விண்கலத்தின் எரிபொருள் தொட்டியில் திரவத்தை வாய்ப்பக்கம் கொண்டுவருவதற்கு இன்று இந்த மூலை ஓட்டம்தான் கைகொடுக்கிறது. 2008-இல் விண்வெளி வீரர் டான் பெட்டிட் ஒரு பிளாஸ்டிக் தாளை மடித்து, கூர்மூலை உள்ள கோப்பை செய்து விண்வெளியில் காப்பி குடித்ததும் இதே ஓட்டத்தால்தான். ‘இதனால் என்ன பயன்’ என்ற கேள்வியை நிதி விண்ணப்பத்தின் முதல் வரியில் வைப்பது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருப்பூர்த் தம்பிக்கு இது புதுசு இல்லை, பெயர்தான் புதுசு. வியர்வையைக் கடத்தும் விளையாட்டு டி-ஷர்ட்டில் சில வகை பாலியெஸ்டர் இழையின் குறுக்குவெட்டு உருண்டையாக இருக்காது. கூட்டல் குறிபோல் நெடுக பள்ளம் வைத்திருப்பார்கள். வியர்வை அந்தப் பள்ளத்தில் ஓடுகிறது. பிரிண்டிங்கில் அவர் சாயத்தைப் பசைபோலக் கெட்டியாக்குவது, நூலிடுக்கு இழுத்தாலும் நகராமல் இருக்கத்தான். அவர் பூட்டி வைப்பதை நான் திறந்துவிடுகிறேன், அவ்வளவுதான்.

சரி, கெடுவது எங்கே? நான் கட்டிய முதல் டேங்கில் மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட்மேல் நேரடியாக வாஷ் வைத்தேன். கோட்டில் ஓடவில்லை. எண்ணெய் கொட்டிய காகிதம்போல் பக்கம் முழுக்கப் பரவி, மூன்று வாரப் பெயின்ட் வேலை திட்டுத்திட்டாகப் போனது. மேட் பரப்பு லென்ஸில் பார்த்தால் மேடும் பள்ளமும். ஒவ்வொரு பள்ளமும் ஒரு சின்ன மூலை. வாஷுக்கு எல்லா இடமும் கோடாகிவிடுகிறது. முதலில் பளபள வார்னிஷ் அடித்து அந்த மேடுபள்ளத்தை மூடிவிட்டால் மிஞ்சுவது நமக்கு வேண்டிய மூலை மட்டும். கடைசியில் மேட் வார்னிஷ் அடித்துப் பளபளப்பை எடுத்துவிடலாம்.

அப்படியும் சமதளத்தில் சொட்டு விழுந்தால் ஓரத்தில் கறுப்பு வளையம் வரும். காப்பி டம்ளர் மேஜையில் விடும் வட்டத்துக்கும் இதுதான் காரணம். 1997-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் விளக்கினார்கள்: சொட்டின் விளிம்பு நகராமல் ஒட்டிக்கொள்கிறது, காய்வதும் அங்கேதான் வேகம். காய்ந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடும்போது நிறத்துகளையும் சுமந்துபோய் அங்கே இறக்கிவிடுகிறது. கால்மணி நேரத்துக்குள் டர்பன்டைன் தொட்ட ஈரத் தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்துவிட்டால் சரியாகிவிடும். மழைநீர் வழிந்த கறையாகவும் அது மாறும்.

சேறு பற்றி ஒன்று மட்டும். நம் பல்லடம் செம்மண் பஞ்சாப் வண்டிக்கு ஆகாது. அங்கே சாம்பல் கலந்த பழுப்பு வண்டல். மண் எதுவானாலும் மெல்லிய துணியில் சலியுங்கள். அரை மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் ஜல்லி.

அப்புறம், போட்டோ. மாலை நாலரை மணிக்கு மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். செல்போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வரும். நிற்கிற ஆளின் கண் இந்த அளவில் நாலரை சென்டிமீட்டர் உயரம்தான். செல்போனின் சின்ன சென்சார் முன்னும் பின்னும் தெளிவாகக் காட்டுவதால் பொம்மைத்தனம் குறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சூரியன் ட்யூப்லைட் இல்லை. ஒரு சாண் டேங்குக்கும் நிஜ டேங்குக்கும் வானத்தில் சூரியன் அதே அரைப் பாகை அகலம்தான். அந்த வெயிலில் ஒவ்வொரு போல்டும் தன் நிழலைத் தானே கிழக்கே நீட்டியது.

தம்பி திரையைப் பெரிதாக்கிப் பார்த்து, “வெயில் நெழல் ஒரு பக்கந்தான் உளுகுதுங்ணா, உங்க வாஷ் சுத்தியும் இருக்குதே” என்றார். அவர் சொன்னது சரி. வெளியே படம் எடுக்கப் போகும் வண்டிக்கு இனி வாஷைப் பாதியாக நீர்க்க வைக்கப் போகிறேன். செஞ்சூரியனின் வலப்பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது.